நெடுவேளுக்கு நிழல் கிடையாது

வாயால் பிழைக்கிறவர்களில் வக்கீலுக்கு எதிரே ஒரு கட்சிக்காரர் இருப்பார், ஜோசியருக்கு எதிரே கிளியாவது இருக்கும். செயலிக்குக் கதை வாசிக்கிறவளுக்கு எதிரே இருப்பது ஒரு மைக்கும், ஆறிப்போன வெந்நீரும்தான்.

நல்ல கதையைப் பாதியில் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களைய எழுந்துபோன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தப் பாவப்பட்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி. எனக்கு அதுவே தொழிலாகவும் அமைந்துவிட்டது.

நான் நாகர்கோவில் வடசேரிக்காரி. கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறார். சென்னையில் ஒரு கதைச் செயலிக்காரர்கள் குரல் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் ஒரு பக்கம் வாசித்து அனுப்பினேன். தேர்வானேன். போகட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "உன் இஷ்டம்" என்றார். 'போ' என்றிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். 'போகாதே' என்றிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இது இரண்டும் இல்லாமல் நெஞ்சில் முள்ளாக நின்றது.

கிழக்கேகோட்டையில் ஒரு குடைக்கடைக்கு மேலே பிஜு என்பவரின் ஒலிப்பதிவு அறை. கல்யாண வீடியோவுக்குப் பாட்டுச் சேர்ப்பதும் உற்சவ அறிவிப்புகளைப் பதிவு செய்வதும் அவர் வேலை. வாரத்தில் சில காலைகள் எனக்கு. முதலில் பத்தியச் சமையல், பிறகு விரத மகிமை என்று வாசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் 'நிழற்கோல்' என்ற நாவல் வந்தது. ராஜகுமாரன், காதல், மந்திர நாடு. இதையெல்லாம் வாசிக்கிற வயதா எனக்கு என்று சலித்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

அந்த நாட்டில் யார் பொய் சொன்னாலும் அவர் நிழல் ஒரு விரற்கடை குறைந்துவிடும். அதனால் அமைச்சர்கள் நிழலே விழாத உச்சி வேளையில்தான் அவை கூட்டுவார்கள். மேகம் மூடிய நாளில் சந்தை கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்கள் வெயிலில்தான் நிற்க வேண்டும். நிழலை அளந்து சொல்வதற்கென்றே ஒரு பதவி உண்டு. அதில் இருக்கிறவள் ஆழினி, கதாநாயகி. அவள் காதலிக்கிற நெடுவேளுக்குப் பிறவியிலேயே நிழல் கிடையாது. அவன் சொல்வது பொய்யா நிஜமா என்று அவளால் மட்டுமல்ல, யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு அத்தியாயம் வாசித்ததும் நான் தொலைந்தேன். எழுத்தாளர் தென்காசிப் பெண். அவர் எழுதி அனுப்ப அனுப்ப நான் வாசிக்க வேண்டும். மேற்கொண்டு என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது. ஆனால் ஊரில் மற்ற எல்லாரையும்விட எனக்கு முதலில் தெரியும். அந்தப் பெருமை இருக்கிறதே, அதுவே ஒரு தனிச் சம்பளம்.

வெள்ளம்

நாகர்கோவில் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். திருவனந்தபுரத்திலும் அதே பெயர்தான். ஆகவே பிறந்த வீட்டிலும் புகுந்த ஊரிலும் என்னைத் திருத்த ஆளில்லை. மணல்வெளியைக் கடந்து ஆழினி முதன்முதலாகத் தலைநகருக்கு வருகிறாள். நீ யார், எந்த ஊர் என்று கோட்டைக் காவலன் அதட்டுகிறான். "முதலில் தண்ணீர், பிறகு உன் கேள்வி" என்கிறாள் அவள். எழுத்தாளர் தண்ணீர் என்றுதான் எழுதியிருந்தார். எனக்கோ காட்சியில் இறங்கிவிட்டால் வாய் அதன் பாட்டுக்குப் போகும். "முதலில் வெள்ளம், பிறகு உன் கேள்வி" என்று வாசித்துவிட்டேன். கம்பீரமாக வேறு வாசித்துத் தொலைத்தேன்.

பிஜுவுக்கு அது வீட்டுச் சொல், காதில் உறுத்தவில்லை. சென்னையில் யாரும் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. செயலியில் வந்தது. மதுரையிலிருந்து ஒருவர் அதன் கீழே எழுதியிருந்தார்: "ஆழினி வெள்ளம் என்று சொன்னதும் கோட்டையே மூழ்கப் போகிறது என்று பதறி உட்கார்ந்தேன். ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். குடித்துவிட்டுப் போகிறாள்."

எதிரி நாட்டுத் துறைமுகம்

பதிவு அறையின் ஏசி கெட்டுப்போன ஒரு காலையில் ஜன்னலைத் திறந்து வைத்து வாசித்தோம். அன்றைக்கென்று கடல் சண்டை. நெடுவேள் தனியாக ஒரு தோணியில் நின்றுகொண்டு மூன்று கப்பல்களைத் திருப்பி அனுப்புகிறான். நான் உணர்ச்சிவசப்பட்டு வாசித்துக்கொண்டிருக்க, கீழே பேருந்துக்கு ஊர்ப்பெயர் சொல்லி ஆள் கூப்பிடுகிறவர் அதைவிட உணர்ச்சியோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிஜு பிறகு எடுத்துவிடலாம் என்றார். பாதியைத்தான் எடுக்க முடிந்தது. மிச்சத்தின் மேல் அலை ஓசையைப் போட்டு மூடினார்.

அலையைப் போட்டதுதான் வினையாகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் மிகுந்த அக்கறையுடன் கேட்டிருந்தார்: "சண்டைக்கு நடுவே தூரத்தில் ஒருவன் 'விழிஞ்ஞம், விழிஞ்ஞம்' என்று கத்துகிறானே, அது எதிரி நாட்டுத் துறைமுகமா? அடுத்த பாகத்தில் வருமா?"

சிலிண்டர்

காதல் காட்சிகளை வீட்டில் ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போவேன். பிஜு முன்னால் தடுமாறினால் எனக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பும் வரை காத்திருந்து, அடுக்களையில் நின்று, தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுத்துக்கொண்டே வாசிப்பேன். அன்றைக்கு நல்ல கட்டம். அரண்மனையே உறங்குகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் நெடுவேள் நிற்கிறான், தட்டத் துணிவில்லை. ஆழினி அவனை உள்ளே அழைக்கிறாள். ஊரையே அதட்டுகிற பெண், இந்த ஓர் இடத்தில் குரலைத் தாழ்த்துகிறாள். அந்தத் தாழ்ந்த குரல் எனக்குச் சரியாக வரவில்லை. "கதவு திறந்துதான் இருக்கிறது, வா. எத்தனை நாளாகக் காத்திருக்கிறேன்" என்று மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தேன். கடைசியில் நன்றாகவே வந்தது.

திரும்பிப் பார்த்தால் பின்வாசலில் சிலிண்டர்காரர் நிற்கிறார். தோளில் சிலிண்டர். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது, முகத்தில் ஒன்றும் இல்லை. வாணலியில் தேங்காய் கரிந்துவிட்டது. நான் புத்தகத்தைக் காட்டலாம் என்றால் கையில் புத்தகம் இல்லை, போன்தான் இருந்தது, அதுவும் அணைந்து கிடந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்: "சேச்சி, சிலிண்டர் எவிடெ வெக்கணம்?"

எடை போடுகிறவன் நிழல்

ஒரு நாள் பதிவு முடிந்து படியிறங்கினால், கீழே குடைக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஓர் அம்மாவை எனக்கு அறிமுகம் செய்தாள். அவளுடைய அத்தையாம், பெயர் பாக்கியம். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், இப்போது வேறொரு மலையில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அங்கே போனில் சிக்னல் கிடைக்காதாம். பஸ் பிடித்துக் கீழே இறங்கி, கதையைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவாராம். அப்புறம் பறிக்கிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து கேட்பார்களாம். டாக்டரைப் பார்க்க நகரத்துக்கு வந்தவர், டாக்டரைவிட என்னைப் பார்ப்பதுதான் முக்கியம் என்று வந்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னார். நெடுவேள் பிழைத்துக்கொள்வானா? எனக்கும் தெரியாது என்றேன். நம்பவில்லை. என் காலடியில் நிழல் எப்படி விழுகிறது என்று ஒரு பார்வை பார்த்தார்.

அப்புறம் ஆழினியைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். களஞ்சியத்தில் நெல் இல்லை என்று ராஜா கையை விரிக்கும்போது அவள் எல்லார் முன்னாலும் கோலை எடுத்துப் போய் ராஜாவின் நிழலை அளந்து, "ஒரு விரல் குறைகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறாளே, அது எங்கள் இரண்டு பேருக்குமே பிடித்த இடம். வாள் இல்லை, சாபம் இல்லை. அளந்தாள், சொன்னாள், உட்கார்ந்தாள். நெடுவேள் அழகன்தான், ஆனால் அவள் இல்லாமல் அவனுக்குக் கதை ஏது என்றேன் நான். பாக்கியம் தெருவைப் பார்த்தபடி சொன்னார்: "அவ ஒரே ஒரு நாள் எங்க மலைக்கு வந்தாப் போதும்க்கா. கொழுந்து எடை போடுறானே, அவன் நிழல அளந்துட்டுப் போகட்டும்."

பேப்பர் படிக்கிற குரல்

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அந்த அத்தியாயம் வந்தது. வடக்குக் கோட்டையில் பெரிய பதவி, வா என்று ஆழினிக்கு அழைப்பு. போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அவள் நெடுவேளிடம் வந்து கேட்கிறாள்: "நான் போகட்டுமா, இருக்கட்டுமா?" அவன் "உன் இஷ்டம்" என்கிறான். அத்தியாயம் முடிந்தது.

இந்த வசனத்துக்கு எனக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிற வசனம். பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்றாலும் அதுதான் பதில், தீபாவளிக்கு வடசேரி போகலாமா என்றாலும் அதுதான். பெயிண்ட் கடையில் நிற்கிற மனிதரிடம் வாசல் கேட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டேன், அதற்கும் அதேதான். கேட் துருப்பிடித்தபடி நிற்கிறது. ஆகவே பேப்பர் படிக்கிற குரலில், கொட்டாவி வராத குறையாக, "உன் இஷ்டம்" என்று வாசித்துவிட்டு எழுந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வசனத்தைச் சரியாகச் சொல்லிவிட்ட திருப்தி.

பிஜு ஹெட்போனைக் கழற்றவில்லை. மறுபடி எடுக்கலாம் என்றார். எதற்கு என்றேன். மலையாளத்திலும் இஷ்டம் என்றால் விருப்பம்தான். ஆனால் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் வந்து 'நின்னெ இஷ்டமாணு' என்றால் உன்னைக் காதலிக்கிறேன் என்று பொருள். அந்தச் சொல் இல்லாமல் இந்த ஊரில் யாருக்கும் கல்யாணம் நடந்ததில்லை என்றார் அவர். தமிழில் அது கை கழுவுகிற சொல் தம்பி, உனக்குத் தெரியாது என்றேன். நான் தமிழ் வாசிக்க வந்தவள், அவர் பொத்தான் அமுக்க வந்தவர் என்கிற தோரணை என் பேச்சில் இருந்திருக்கும். பிஜு கோபிக்கவில்லை. சந்தேகம் தீராத முகத்தோடு என்னைப் பார்த்துக் கேட்டார்: "சேச்சி, இஷ்டமில்லாத ஒருத்தன் எதுக்கு இஷ்டம்னு பறயுன்னது?"

தென்காசியிலிருந்து ஒரு போன்

நான் வாசித்தபடியே அனுப்பிவிட்டோம். மறுநாள் எழுத்தாளரே என்னைப் போனில் கூப்பிட்டார். வெள்ளத்துக்குக் கூடக் கூப்பிடாத பெண். சுற்றி வளைத்துப் பேசவில்லை. அந்தக் கடைசி வரியால் நெடுவேள் ஒரு நொடியில் கல்நெஞ்சக்காரனாகிவிட்டான், இனி மிச்சக் கதையை யாரும் நம்பமாட்டார்கள் என்றார். செயலிக்காரர்களிடமும் பேசிவிட்டாராம். இன்னொரு தடவை வாசித்து அனுப்பலாம். அதுவும் சரிவரவில்லை என்றால் கடைசிப் பாகம் முழுவதையும் சென்னையில் வேறு ஒருவர் வாசிப்பார்.

பத்தியச் சமையலுக்குத் திரும்பிப் போவதைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை. நெடுவேளுக்கு என்ன ஆகிறது என்பதை வேறொருத்தி எனக்கு முன்னால் தெரிந்துகொள்வாள். அவள் ஆழினியாகப் பேசுவாள், நான் அடுக்களையில் நின்று மற்றவர்களைப் போல் கேட்க வேண்டும். அதை நினைத்தால் தாங்க முடியவில்லை. எப்படித்தான் வாசிக்கட்டும் என்று கேட்டேன். அதை எனக்கும் சொல்லத் தெரியவில்லை என்றார். ஆனால் இன்னொன்றையும் சொன்னார்: "அவனுக்கு நிழல் கிடையாதுல்லாக்கா. மனசுல என்ன இருக்குன்னு நீங்க சொல்லுத சத்தத்துலதான் தெரியணும்."

பெயிண்ட் கடை விளக்கம்

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்தவாறே சொல்லிப் பார்த்தேன். உருகிச் சொன்னால் பொய்யாக இருந்தது. அழுத்திச் சொன்னால் மிரட்டலாக இருந்தது. வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல், இந்த வசனத்தில் தேர்ச்சி பெற்றவர் இவர்தானே என்று அவரையே கேட்டேன். ஒரு கதையில் ஒருத்தன் ஒருத்தியிடம் இப்படிச் சொல்கிறான், எந்த மனநிலையில் சொல்வான் என்றேன். ஒருத்தன் ஒருத்தி என்று எதற்கு மறைக்கிறாய், நெடுவேள்தானே என்றார்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். கடையில் பெயிண்ட் கலக்குகிற மெஷினின் சத்தம் தாங்காமல் காதில் எதையாவது மாட்டிக்கொள்வாராம். மாட்டிக்கொண்டதில் நான் வாசித்தது ஓடுமாம். பத்தியச் சமையலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஆழினி வெள்ளம் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தது என்றார். விழிஞ்ஞம் பஸ்ஸும் தெரிந்திருந்தது. இதையெல்லாம் இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பேப்பரைத் தேடாமல், என்னைப் பார்த்தே சொன்னார்: "போகாதேன்னு அவன் சொல்லியிருந்தா அவ நின்னிருப்பா. பின்னே காலம் பூரா, இவன் சொல்லித்தானே நின்னேன்னு அவளுக்கு இருக்கும். அது அவளுக்க வாழ்க்கையில்லா? வாயைக் கட்டிக்கிட்டு நிக்கான் பாத்துக்க. அது லேசுப்பட்ட காரியமில்ல."

இரண்டாம் தடவை

மறுநாள் காலையில் மைக் முன்னால் உட்கார்ந்தேன். "நான் போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று ஆழினியாகக் கேட்டேன். பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். போகாதே என்ற சொல் வாய்வரை வந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு, என்னிடம் மிச்சம் இருந்த மூச்சில் "உன் இஷ்டம்" என்றேன். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. பிஜு பொத்தானை அமுக்க மறந்துபோய், நான் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தமும் பதிவாகிவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கண் நிறைந்திருந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முந்தாநாள் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றால், அவர் கீழே சாயா சொல்லப் போய்விட்டார்.

மத்தியானமே பதில் வந்தது. கூடவே கடைசிப் பாகம் முழுவதும் வந்தது. வீட்டுக்குப் போகாமல் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து வாசித்து முடித்தேன். எங்கள் வீடு இருக்கிற கரமனைக்குப் போகிற பஸ்கள் எத்தனையோ போயின. நெடுவேள் பிழைத்தானா, ஆழினி போனாளா என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன், பாக்கியத்துக்கே சொல்லவில்லை. செயலியில் வரும், கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தாளரின் பதிலை மட்டும் சொல்கிறேன்: "இப்பதான்க்கா அவன் வந்துருக்கான். மிச்சத்தையும் நீங்களே வாசிங்க."

எந்த மொழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் கேட்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் எப்போதோ ஒருமுறை பிடிக்கும் என்று சொன்ன நீலம், ஒரு டின்னில் கலந்து தயாராக இருந்தது. நல்ல வெயில். அந்த நாட்டில் என்றால் சந்தை களைகட்டியிருக்கும். நான் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வரை என்னால் இருக்க முடியாது என்று தோன்றியது.

"இஞ்ச பாருங்க, இத்தன வருஷமா 'உன் இஷ்டம்', 'உன் இஷ்டம்'னு சொல்லுதீங்களே, அது தமிழா மலையாளமா?" என்று கேட்டேன். அவர் சுரண்டுவதை நிறுத்தினார். காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தார். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று யோசிக்கிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "அது உன் இஷ்டம்."

நெடுவேளுக்குத்தான் நிழல் கிடையாது, என் வீட்டுக்காரருக்கு அது கேட்டைத் தாண்டித் தெருவரை விழுந்து கிடந்தது, நான்தான் இத்தனை வருஷமாகக் கோலை எடுத்து அளக்கவில்லை.